இத்தாலிக்காரியும் உன் வலது காலும்

ராஜா,

சோற்றை மூடியிருக்கும் தட்டின் மேல் இந்தக் காகிதங்களை வைத்துவிட்டுப் போகிறேன். முதலில் சாப்பிடு. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சிங்கப்பூரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து சேருகிறவன் வெறும் வயிற்றோடு அம்மாவின் புலம்பலைப் படிக்க வேண்டாம். நீ பூன் லே வீட்டுக்கு வரும்போது நான் ஜூரோங் பாக்டரிக்குக் கம்பெனி பஸ் ஏறியிருப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டித்தான் நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறோம். முட்டை வாங்கு, மாமா போன் பண்ணினார், மழை வந்தால் துணியை எடு. இது அந்தச் சீட்டில் அடங்காது. நேரில்தான் சொல்ல வந்தேன். நீ என் தோளைப் பிடித்து, "அம்மா, நீங்க எதுக்குத்தான் பயப்படல?" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய். நியாயமான கேள்விதான். லிப்ட் நடுவில் நின்றால் பயம், வேளைகெட்ட வேளையில் போன் அடித்தால் பயம், நீ கால் மணி நேரம் தாமதித்தால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடை. என் பயங்களில் பாதிக்கு மேல் வெறும் பயம் என்று எனக்கே தெரியும். இது அந்தக் கணக்கில் சேராது. இதற்குக் காரணம் இருக்கிறது, நான் கண்ணால் கண்டது. கடைசிவரை படி.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரசம் தாளித்துக்கொண்டிருந்தபோது கீழே கார்பார்க்கிலிருந்து அந்தச் சத்தம் ஏறி வந்தது. ஒன்பது வருஷமாகக் கேட்காத சத்தம். கடுகு கருகும் வாசனை வந்த பிறகுதான் கரண்டியைப் பிடித்தபடி சிலையாக நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. உன் ஜப்பான் பைக் தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடும், வருகிறதா போகிறதா என்றுகூடத் தெரியாது. இது தொண்டையைச் செருமிச் செருமிப் பேசும், ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் கேட்கும். அடுப்பை அணைத்துவிட்டுக் காரிடாருக்கு ஓடினேன். ஐந்தாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால், உன் அப்பாவின் இத்தாலிக்காரி கீழே நிற்கிறாள். அதே சிவப்பு டேங்க், அதே வெள்ளிக் கோடு. மேலே உட்கார்ந்திருப்பவர் தேக்காவில் துணிக்கடை வைத்திருக்கும் நம் ஹமீது நானா. பக்கத்தில் வேனிலிருந்து, ஜாலான் புசார் சந்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஆ செங் இறங்குகிறார். நீயும் உனக்கு நிச்சயித்திருக்கும் ஸ்டெல்லாவும் கை தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அப்பா இறந்த பிறகு துணிக்கடையின் பின்கட்டில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தவளை, அந்த இரண்டு கிழவர்களும் உன் கல்யாணப் பரிசு என்று எனக்குத் தெரியாமல் தட்டி எழுப்பியிருக்கிறார்கள்.

நான் இறங்கி வரத் திரும்புவதற்குள் நீ ஏறி உட்கார்ந்துவிட்டாய். மேலேயே நின்று பார்த்தேன். முதல் சுற்று நன்றாகத்தான் வந்தாய். மெதுவாக, ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து. ஸ்டெல்லா உன் கூடவே ஓடி வந்தாள். இரண்டாவது சுற்றில் உனக்குத் தைரியம் வந்துவிட்டது. அப்போது நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. குழந்தை வரவில்லை, பந்துதான் வந்தது. உன் வலது கால் இறங்கியது, ராஜா. நான் மேலேயிருந்து தெளிவாகப் பார்த்தேன். பைக் நிற்கவில்லை. முன்னால் ஒரு துள்ளு துள்ளி, இருமி, பந்தின் மேல் ஏறிய பிறகுதான் அணைந்தது. எல்லோரும் சிரித்தீர்கள். "மாப்பிள்ளையச் சோதிச்சுப் பாக்குறா லா" என்று ஹமீது நானா சொன்னது ஐந்தாவது மாடிவரை கேட்டது. அந்தச் சிறுவன் வந்து நசுங்கிய பந்தை எடுத்துக்கொண்டு போனான். நான் காரிடார் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கீழே வந்தேன். வந்து சிரித்தேன், நானாவுக்கு நன்றி சொன்னேன், டேங்கைத் தடவிப் பார்த்தேன். அதில் எதுவும் பொய் இல்லை.

மாதா கோயிலில் கல்யாணப் பூசை முடிந்ததும் ஸ்டெல்லாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு விருந்துக்கு இதிலேயே வருவேன் என்றாய். மறுநாள் ஜொகூர் பாலத்தைத் தாண்டி மலேசியாவில் கோத்தா திங்கி, மெர்சிங் என்று ஒரு வாரம் சுற்றுவோம் என்றாய். ஸ்டெல்லா உன் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். அவளுக்கு இந்த பைக்கைப் பற்றி ஹமீது நானா சொன்ன கதைதான் தெரியும். உனக்கும் அந்தக் கதைதான் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த கதையைச் சொல்கிறேன்.

நாம் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைக்கு மேல் மாடியில் ஓர் அறையில் இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். பிரிட்டிஷ் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போன சமயத்தில், சாங்கி முகாமிலிருந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம்தான் அப்பா இவளை வாங்கினார். வீட்டுக்குப் பீரோ வாங்கிவருகிறேன் என்று போன மனிதர். பீரோ எங்கே என்று கேட்டேன். "கீழ வந்து பாரேன்" என்றார். பார்த்தேன். ஐந்தடி நடைபாதையில் கடைக்காரரின் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் எண்ணெய் ஒழுகிக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அடியில் வைக்கவென்று என் பழைய கேக் சுடும் தட்டு ஒன்று போனது. நம் வீட்டுத் துணிகள் பீரோ இல்லாமல் டிரங்குப் பெட்டியில்தான் கடைசிவரை கிடந்தன.

அவளுடைய குணங்களைச் சொல்ல ஆரம்பித்தால் மாமியார் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆக வேண்டுமென்றால் முதலில் கார்புரேட்டரில் ஒரு பித்தானை அமுக்கிப் பெட்ரோல் வழியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிக்கரை உதைத்தால் ஓடுவாள், இல்லாவிட்டால் திருப்பி உதைப்பாள். அப்பாவின் கணுக்கால் பாதி நாள் வீங்கித்தான் இருக்கும். மழை பட்டால் விளக்கு அணையும். ஹார்ன் தன் இஷ்டத்துக்கு அடிக்கும், சில சமயம் கோயில் வாசலில் பூசை நேரத்தில் தானாகவே அடிக்கும். வேகம் காட்டும் முள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடும். எவ்வளவு வேகத்தில் போகிறீர்கள் என்று கேட்டால், "அவளுக்குப் பிடிச்ச வேகத்துல" என்பார். ஷிப்யார்டில் நாளெல்லாம் வெல்டிங் பண்ணிவிட்டு, ஜூரோங்கிலிருந்து அந்த நீளமான இருட்டுச் சாலையில் இந்தச் சண்டிக்குதிரையில்தான் தினமும் திரும்பி வருவார். நான் உலையில் அரிசி போடமாட்டேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், ஜன்னலில் நிற்பேன். தெருமுனையில் அந்தச் செருமல் கேட்ட பிறகுதான் அரிசி. நீ அப்போதெல்லாம் பசிக்கிறது என்று அழுவாய். சத்தம் வரட்டும்டா என்பேன். அதை நீ மறந்திருப்பாய், என் கை மறக்கவில்லை. இப்போதும் நான் வீட்டில் இருக்கும் நாட்களில் நீ உள்ளே வந்த பிறகுதான் குக்கரின் பித்தானைத் தட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அப்பா நேராக ஆ செங்கின் ஒர்க்‌ஷாப்புக்குப் போவார். அங்கே அவரைப் போலவே சித்தம் கலங்கிய நாலைந்து பேர் இருப்பார்கள். எல்லோருக்கும் இத்தாலிய பைக், எல்லோருடையதும் ஏதாவது ஒரு பாகம் கழன்ற நிலையில். கோப்பியை வைத்துக்கொண்டு, கப்பலில் வர வேண்டிய ஒரு கேபிளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்கள். ஹமீது நானா அங்கிருந்தே தொழுகைக்குப் போய்த் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார். அவர்களுக்கு ஜப்பான் பைக் என்றால் இளக்காரம். சொன்னால் சொன்னபடி கேட்கும், அதில் என்ன ருசி என்பார்கள். கெட்டுப்போவதைக்கூட அவர்கள் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கோபித்துக்கொண்டாள், இன்று மனசு சரியில்லை என்பார்கள். வீட்டில் நான் ஒரு நாள் மனசு சரியில்லை என்று படுத்திருந்தால் இந்த மரியாதை கிடைக்குமா என்று ஒரு தடவை கேட்டேன். அப்பா அதற்கு வாய் விட்டுச் சிரித்தார்.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. எனக்கும் அவளைப் பிடிக்கும். பாலத்தில் மாட்டிக்கொண்ட கதையைக் கேள். ஜொகூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சரியாக நடுப்பாலத்தில் கொட்டும் மழையில் அவள் அணைந்துவிட்டாள். முன்னாலும் பின்னாலும் லாரிகள். விளக்கு கிடையாது. எனக்குக் கல்யாணப் பட்டுச் சேலை. ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய், ஒரு பக்கம் கடல், நடுவில் எந்த நாட்டில் நிற்கிறோம் என்றே தெரியாத இடம். அன்று நான் வாய்விட்டு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே பின்னாலிருந்து தள்ளினேன். அப்பா முன்னால் நடந்தபடி டேங்கைத் தட்டித் தட்டி அவளிடம் கெஞ்சிக்கொண்டு வந்தார். உட்லண்ட்ஸ் கரை தெரிந்ததும் ஒரே உதையில் ஓடினாள். அதற்குப் பிறகு வீடுவரை அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன், நனைந்த உடம்புக்கு அந்த இன்ஜின் சூடு எவ்வளவு சுகமாக இருந்தது என்று இன்றும் சொல்ல முடியும். பயமும் சந்தோஷமும் ஒரே சீட்டில்தான் உட்காரும். ஸ்டெல்லாவின் முகத்தில் செவ்வாய்க்கிழமை நான் பார்த்தது அதைத்தான், அதனால்தான் அவளை நான் தடுக்கவில்லை.

இனிமேல்தான் விஷயம். உன் ஜப்பான் பைக்கில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். இப்போது எல்லா பைக்கிலும் அப்படித்தான், நீ லைசென்ஸ் எடுத்ததும் அப்படித்தான். இவள் பிறந்த காலத்தில் இத்தாலிக்காரர்கள் அதைத் தலைகீழாக வைத்திருந்தார்கள். இவளுக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அப்பாவின் வாய்க்கு இத்தாலியில் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் கால்கள் மட்டும் இத்தாலி பாஷை நன்றாகப் பேசும். அவர் பிரேக் போடுவதை நான் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். சேலை கட்டிய பெண் பின்சீட்டில் ஒருக்களித்துத்தானே உட்கார முடியும், இரண்டு கால்களையும் இடது பக்கம் தொங்கப்போட்டு. என் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் அவருடைய இடது பாதம் இருக்கும். அது இறங்கும்போது அவர் தோளைப் பிடித்துக்கொள்வேன். எத்தனையோ தடவை, ரோட்டைப் பார்க்காமல் அவர் காலைப் பார்த்தே பயணம் செய்திருக்கிறேன்.

அப்பா போன அந்த ஞாயிற்றுக்கிழமை இவள் ஆ செங்கின் ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் கேபிளுக்காகக் காத்துக் கிடந்தாள். அவர்கள் கூட்டம் சாங்கிக் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஷிப்யார்டில் கூட வேலை பார்த்தவரிடம் ஜப்பான் பைக் ஒன்றை இரவல் வாங்கினார். உன்னை மாமா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்று ஹெல்மெட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார். ஸ்டார்ட் செய்ததிலிருந்து, "இடது கியர், வலது பிரேக்... இடது கியர், வலது பிரேக்" என்று ஜெபமாலை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின்னால் சிரித்துக்கொண்டே ஆமென் போட்டேன். கேலாங் தாண்டினோம். தூறல் பிடித்தது. ஈரத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் சறுக்கும் என்று அவர் கையால் தொடமாட்டார், எப்போதும் கால்தான். பெடோக் தாண்டிய பிறகு அவருக்கு வண்டி பிடிபட்டுவிட்டது. ஜெபத்தை நிறுத்திவிட்டார். மீன் வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

இடது பக்கச் சந்திலிருந்து காய்கறி லாரி ஒன்று பின்பக்கமாக வெளியே வந்தது. அப்பாவின் இடது கால் இறங்கியது. என் காலுக்கு ஒரு சாண் முன்னால், எத்தனையோ தடவை பார்த்த மாதிரியே இறங்கியது. நான் பழக்கத்தில் தோளைப் பிடித்தேன். பைக் நிற்கவில்லை. இன்ஜின் அலறியது. அவர் மறுபடி மிதித்தார். மறுபடியும் இடது. பிரேக் என்று நம்பிக் கியரை மிதிக்கிறார், எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. வலது என்று கத்த வேண்டும். அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சுவரை வந்தது, வாய்க்கு வரவில்லை. நான் இடது பக்கப் புல்லில் விழுந்தேன், தோள் எலும்பு உடைந்தது. அவர் லாரியின் கீழே போனார். நீ அப்போது மாமா வீட்டில் கேரம் விளையாடிக்கொண்டிருந்தாய்.

ஆஸ்பத்திரியில் வைத்தே ஹமீது நானாவிடம் சொன்னேன். அவர் கால் மாறிப்போயிடுச்சு நானா, நான் பார்த்தேன் என்றேன். நானா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இல்ல தங்கச்சி. அவர் கால் தப்பாது. அது டயர் லா, அந்த பைக்கோட டயர்" என்றார். ஆ செங்கும் டயர் என்றார். அடக்கம் முடிந்த பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரு கதை உருவாகிவிட்டது. இத்தாலிக்காரி அந்த வாரம் கோபித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டிருப்பாள், அவளை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போனதால்தான் அப்படி ஆயிற்று என்று. அதை அன்போடு சொன்னார்கள், அழுதுகொண்டே சொன்னார்கள், பிறகு கோப்பி குடித்துக்கொண்டு சொன்னார்கள். நீ அதைக் கேட்டே வளர்ந்தாய். அந்த பைக் அப்பாவுக்குக் காவல், நமக்கும் காவல் என்று நினைக்கிறாய். எனக்கு அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வரும். வேறொருத்தியோடு போனாராம். பின்னால் உட்கார்ந்திருந்தது நான். ஆனால் தகப்பன் தவறிவிட்டான் என்பதைவிட டயர் தவறிவிட்டது என்பது பதினாலு வயதுப் பிள்ளைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது உனக்கு இருபத்து மூன்று. இனிச் சொல்லலாம். அப்பா கெட்டிக்காரர், நிதானமானவர், குடித்ததில்லை, வேகம் போனதில்லை. அவர் செய்தது தவறுகூட இல்லை. அவர் மனசுக்கு எல்லாம் தெரியும், வழியெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே வந்தாரே. பயம் வந்த அந்த ஒரு கணத்தில் கால் மனசைக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் எதைச் செய்ததோ அதைச் செய்தது. உன் கால்கள் ஐந்து வருஷமாகத் தினமும் பூன் லேயிலிருந்து சாங்கிக்கும் சாங்கியிலிருந்து பூன் லேக்கும் ஜப்பான் பாஷை பேசிக்கொண்டு போய்வருகின்றன. எம்.ஆர்.டி. ரயிலுக்குத் தூண் நடுகிற லாரிகளுக்கு நடுவில் எத்தனை தடவை உன் வலது கால் உன்னைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கும். அந்தக் கால்தான் செவ்வாய்க்கிழமை பந்தைப் பார்த்து இறங்கியது. அவளிடம் வலது காலால் மிதித்தால் கியர் மாறும், நிற்கமாட்டாள். அப்பாவுக்கு நடந்ததைக் கண்ணாடியில் காட்டின மாதிரி இருந்தது எனக்கு. பாக்டரியில் நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிறவள் நான். எனக்குக் கண் தப்பாது.

அன்றிலிருந்து தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் மெர்சிங் ரோடு வருகிறது. ரப்பர் தோட்டத்து வளைவு, பாமாயில் லாரி, குறுக்கே ஓடும் ஒரு கோழி போதும். உன் வலது கால் இறங்கும். பின்னால் ஸ்டெல்லா உட்கார்ந்திருப்பாள், ஒருக்களித்து, இடது பக்கம் கால் போட்டுக்கொண்டு. உன் இடது கால் சும்மா இருப்பதை அவள் பார்ப்பாள், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அவளை நினைத்தால்தான் அதிகம் நடுங்குகிறது. பிழைத்துக்கொள்கிறவளுக்கு அதற்குப் பிறகு எத்தனை சாயங்காலங்கள் இருக்கின்றன என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர முடியாது.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா புத்திமதி சொல்ல வேண்டுமாம். மாமா கேட்டார், என்ன சொல்லப் போகிறாய் என்று. எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். மனுஷன் பயந்துபோகும்போது நல்லவனாக மாறுவதில்லை, பழகினவனாக மாறுகிறான். ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று என்று வரும் ராத்திரியில், வேலை போய்விடுமோ என்று பயப்படும் நாளில், நீ என்ன பேசுவாய் என்பது சும்மா இருந்த நாட்களில் என்ன பேசிப் பழகினாய் என்பதில் இருக்கிறது. எனக்குப் பயம் வந்தால் எரிந்து விழுவேன், அது உனக்குத் தெரியும். உன் மேல் விழுந்த எத்தனையோ திட்டு ஜன்னலில் நின்ற பயம்தான். நீ பயம் வந்தால் சிரிக்கிறாய். அதுவும் பழக்கம், அப்பாவிடமிருந்து வந்தது. அவளிடம் சிரிக்காதே, பயமாக இருக்கிறது என்று சொல்லிப் பழகு. அதையும் காலி ரோட்டில் இருக்கும்போதே பழகிக்கொள்.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். பைக்கை விற்கச் சொல்லமாட்டேன். ஹமீது நானாவின் மனசை உடைக்க எனக்குத் தைரியம் இல்லை, அவளை இன்னொருவன் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்கவும் தைரியம் இல்லை. ஆனால் இரண்டு பைக்கையும் வைத்துக்கொண்டு காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று ஓட்டாதே. அவள் வேண்டுமென்றால் உன் ஜப்பான் பைக் இன்றே இந்த புளோக்கை விட்டுப் போகட்டும், கல்யாணம்வரை நீ பஸ்ஸில் வேலைக்குப் போ. துவாஸ் பக்கம் கடலைத் தூர்த்த மண்ணில் ஆளே இல்லாத ரோடு கிடக்கிறது, நானாவைக் கூட்டிக்கொண்டு தினமும் அங்கே போய் ஓட்டு. ஓட்டத் தெரியுமா என்று எனக்குப் பார்க்க வேண்டாம், உனக்கு ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை ஸ்டெல்லா ஏறுவதற்கு முன்னால் நான் பின்சீட்டில் உட்காருவேன். சேலை கட்டிக்கொண்டு, ஒருக்களித்து, இடது பக்கம் கால் போட்டு. அப்பா போன பிறகு நான் எந்த பைக்கிலும் ஏறியதில்லை. நீ போய்க்கொண்டே இரு. நான் பேச்சுக் கொடுப்பேன், மீன் வாங்கலாமா என்று கேட்பேன், உன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லுவேன். நீ நன்றாக மறந்திருக்கும் சமயம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் உன் முதுகில் ஓங்கி அடிப்பேன். அப்போது உன் இடது கால் இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இறங்க வேண்டும். ஒரு தடவை சும்மா இருந்தாலும் கல்யாணத்துக்கு மாமாவின் காரில்தான் போகிறாய், அதில் பேச்சுக்கு இடமில்லை. இந்தத் தடவை எனக்கு வாய் அடைத்துப்போகாது.

நேற்று வேலை முடிந்து ஜூரோங்கிலேயே ஒரு கடைக்குப் போய் ஹெல்மெட் வாங்கினேன். சீனப் பையன், உன் வயதுதான் இருக்கும். யாருக்கு ஆன்ட்டி, மகனுக்கா என்று கேட்டான். எனக்குத்தான் என்றேன். போட்டுப் பார்க்கச் சொன்னான். ஒன்பது வருஷத்தில் தாடைக்குக் கீழே வாரை மாட்டுகிற விதம் மறந்துபோயிருந்தது, அவன்தான் மாட்டிவிட்டான்.

அம்மா